கரி கேஸ் வெளிச்சம்

லிங்கராஜபுரம் ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் ரோக்கு தெரு. மொத்தம் பதினோரு வீடுகள். யுத்தம் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தபோது, அந்தப் பதினோரு வீட்டுக்காரர்களும் ஒரே நாளில் லைட் கம்பெனிக்கு மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கம்பெனி சர்க்காருடையதல்ல, மெட்ராஸிலிருந்த நாற்பது ஐம்பது பங்குதாரர்களுடையது. சர்க்காரிடம் மொத்தமாகக் கரண்ட் வாங்கி, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏழு தெருக்களுக்குச் சில்லறையாக விற்று வந்தது. பங்குதாரர்களில் ஒருவர்கூட அந்தத் தெருக்களை மிதித்ததில்லை. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ரேட்டை ஏற்றினார்கள். விளக்கே போடாத மாசத்துக்கும் ஒரு தொகை கட்ட வேண்டும் என்றார்கள். கேட்கப் போனவர்களுக்கு, 'இஷ்டமில்லாவிட்டால் வேண்டாம்' என்று பதில் கிடைத்தது. எங்கே போய்விடுவார்கள் என்ற தைரியம்.

டென்சில் என்ற மெக்கானிக் அந்தத் தெருவில் இல்லாதிருந்தால் அவர்கள் எங்கும் போயிருக்க மாட்டார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ்களெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்திருந்த காலம். பஸ்ஸின் முதுகில் கரி எரியும் பீப்பாயைப் பொருத்தி, அதிலிருந்து வரும் கேஸில் என்ஜினை ஓட்டுகிற வேலை டென்சிலுக்கு அத்துப்படி. ஒரு பழைய கார் என்ஜின், ஒரு பீப்பாய், ஏலத்தில் எடுத்த டைனமோ, இவ்வளவையும் வைத்துத் தெருவுக்கே வெளிச்சம் கொடுத்துவிட்டான். சாயங்காலம் ஆறரைக்கு மெஷின் கிளம்பும், ஒன்பதரைக்கு நிற்கும். எட்டாம் நம்பர் வீட்டின் கொல்லை பெரியது என்பதால் ஷெட்டை அங்கே போட்டார்கள்.

இது நடந்து பத்து வாரம் ஆவதற்குள் எட்டாம் நம்பரில் யாரோ நடமாடுவதாகப் பேச்சுக் கிளம்பியது. நாலு வீட்டுக்காரர்கள் மறுபடி கம்பெனிக்கே மனுப் போட்டார்கள்.

கம்பெனி மானேஜர் வைத்தீஸ்வரனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் சுந்தரராமனைக் கூப்பிட்டார். சுந்தரராமன் லைன் ஓவர்சியர், ஒன்பது வருஷ சர்வீஸ். அந்தத் தெருவின் மீட்டர்களைக் கழற்றிக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

"ஓய், நாம ஒரு காசு செலவு பண்ணலை. பேய் நமக்கு ஏஜெண்டு வேலை பாக்கறது!" என்று சிரித்தார். "எட்டாம் நம்பர்ல ரெண்டு அக்கா தங்கை இருக்கா. அவா ரெண்டு பேரும் இந்த மனுவிலே கையெழுத்துப் போட்டா ஷெட்டுக்கு இடம் இல்லை. இடம் இல்லேன்னா தெருவே திரும்பி வந்துடும். சனிக்கிழமை மெட்ராஸ்ல டைரக்டர்கள் கூட்டம். அதுக்குள்ளே முடிச்சுடும்."

சுந்தரராமன் மனுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் சைக்கிளை எடுத்தான்.

எட்டாம் நம்பர் வீட்டு மதில்மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்த பவுலினுக்கு ஐம்பது வயசிருக்கும். தையல்காரி. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. மீன் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பூனையைக் கூப்பிட்டாள். அது அவளையும் மீனையும் பார்த்தது, அசையவில்லை.

"ஒரு மாசமா இப்படித்தான் சார். வாசப்படி தாண்ட மாட்டேங்குது. உள்ள வாங்க."

உள்ளே அந்நேரத்துக்கே இருட்டு. விமானத் தாக்குதலுக்கான முன்னெச்சரிக்கை என்று ஊரெங்கும் ஜன்னல்களை மறைக்கச் சொல்லியிருந்தார்கள். பவுலின் எதையும் அரைகுறையாகச் செய்கிறவளல்ல. ஒவ்வொரு கண்ணாடிக்கும் கறுப்புக் காகிதத்தை இரட்டையாக ஒட்டி, சட்டத்தின் இடுக்குகளையும் மைதாப் பசை போட்டு அடைத்திருந்தாள். தையல்காரியின் வேலை, ஒரு நூல் வெளிச்சம் வெளியே போகாது.

தங்கை பிரிஜெட் கான்வென்ட் பள்ளியில் கீழ் வகுப்பு டீச்சர். பத்து வயசு இளையவள். மேஜை முன்னால் உட்கார்ந்து சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. 'இந்த அம்மாளுக்கு என்ன, ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாள்' என்று சுந்தரராமன் நினைத்துக்கொண்டான்.

விஷயத்தைச் சொன்னான். பவுலின் காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மாதா கோயில் சாமியாரைக் கூட்டிட்டு வந்து வீட்டை மந்திரிச்சாச்சு. இவளுக்குத்தான் ராத்தூக்கம் இல்லாம தலைவலி, அதுல என்னென்னமோ தோணுது."

"தோணல அக்கா," என்றாள் பிரிஜெட் தலையை நிமிர்த்தாமல். "சார் இருந்து பாக்கட்டும். ஏழு மணிக்கு மேல வருவாங்க."

"யார் வருவா?"

"யாருன்னு தெரியல சார். உள் ரூம்லருந்து வருவாங்க. ஈரக்காலோட நடக்கிற மாதிரி இருக்கும். வந்து இங்கதான் உட்காருவாங்க." மேஜையின் மறுபக்கத்துக் காலி நாற்காலியைக் காட்டினாள். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க. முதல்ல பயமா இருந்துச்சு. இப்ப வரலன்னாத்தான் கஷ்டமா இருக்கு."

கொல்லையில் என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. தலைக்குமேல் பல்பு மெல்லச் சிவந்து, பிறகு மஞ்சளாயிற்று. என்ஜினின் துடிப்புக்கேற்ப அது ஏறி இறங்கியது, தூங்குகிறவனின் மார்பு மாதிரி. பவுலின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். குளிர், கொசு, தெருவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வரும் கண்டிப்பான வார்டன் என்று காரணங்கள் சொன்னாள்.

சட்டென்று மேஜைமேல் எதுவோ தொப்பென்று விழுந்தது. பல்லி. வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"இது ஒண்ணு தினம் நடக்குது," என்றாள் பவுலின். துண்டுத் துணியால் அதை எடுத்து வெளியே போட்டாள். "பக்கத்து வீட்டு அலர்மேலு மாமி பஞ்சாங்கத்தைப் பாத்துப் பாத்துப் பலன் சொல்றாங்க. தோள்ல விழுந்தா இது, மடியில விழுந்தா அதுன்னு. எங்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"

ஏழு அடித்தது. சுந்தரராமன் பேசிக்கொண்டுதான் இருந்தான். மீட்டர் வாடகையைக் குறைக்கக் கம்பெனி யோசிக்கிறது என்று ஒரு பொய்யை ஆரம்பித்து, பாதியில் அது எங்கே போகிறது என்று மறந்துவிட்டான். காதுக்குள் தூரத்து பேண்டு வாத்தியம் போல ஏதோ முழங்கிற்று. நெற்றியில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல இருந்தது.

அப்போது உள் அறையில் காலடி கேட்டது.

ஈரக்கால்தான். சிமெண்டுத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று அடி. உள் அறைத் திரைச்சீலை அசையவில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் ஒருவர் நின்றால் துணி எப்படிப் புடைக்குமோ அப்படிப் புடைத்திருந்தது. தோளின் உயரத்தில் ஒரு புடைப்பு, முழங்காலில் ஒன்று.

"வந்துட்டாங்க," என்றாள் பிரிஜெட், சிலேட்டை ஓரமாக வைத்து இடம் பண்ணிக்கொண்டே.

"சுந்தரா," என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. ஆண் குரலா பெண் குரலா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் அவன் பெயர் தெரியாது.

அவன் எழுந்தது, தாழ்ப்பாளைத் தேடியது, எதுவும் பிறகு அவனுக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. கேட்டருகே குனிந்து வாந்தி எடுத்தான். பூனை அவனைப் பார்த்தது.

குளிர்ந்த காற்று பட்டதும் பத்து நிமிஷத்தில் தலை தெளிந்தது. என்ஜின் சத்தம் வந்த பக்கம் போனான். ஷெட்டில் டென்சில் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கம்பெனி ஆள் என்று தெரிந்தும் பெருமையை அடக்க முடியவில்லை.

"பாருங்க சார், கம்ப்ளீட்டா பாருங்க. ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. மொதல்ல புகையை இப்படியே வெளிய விட்டேன். காயப்போட்ட துணியெல்லாம் கரியாவுதுன்னு ஒம்பதாம் நம்பர்ல ஒரே பேஜார். அதான் குழாயை அந்தப் பழைய சிம்னியில சொருகிட்டேன். இப்ப யாருக்கும் தொந்தரவு இல்ல."

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் ஏறும் சிம்னி அது. வருஷக்கணக்காக யாரும் அடுப்பு மூட்டாதது. சுந்தரராமன் அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

அல்சூர் ஏரிக்கரையில் காற்று முகத்தில் அறைந்தபோது சைக்கிளைவிட்டு இறங்கி நின்றுவிட்டான். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு கரி பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் ஷட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, பீப்பாயை அணைக்காமல் தூங்கிவிட்டார்கள். விடிந்தபோது இரண்டு பேரும் பிணம். அவனும் கூட்டத்தோடு போய்ப் பார்த்தான். செத்தவர்கள் மாதிரியே இல்லை. கன்னம் இரண்டும் சிவந்து, கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி படுத்திருந்தார்கள். கரி கேஸுக்கு வாசனை கிடையாது, அதனால்தான் தெரியவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

பிரிஜெட்டின் கன்னம் அவன் கண்முன் வந்தது. சிம்னிச் சுவர் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும். கறுப்புக் காகிதம் அத்தனை காற்றையும் அடைத்துவிட்டது. பல்லிகள் சகுனம் சொல்ல விழவில்லை, செத்து விழுந்தன.

அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். கால் மணி நேரத் தூரம்தான். ஆனால் கம்பெனி விஷயமாகப் போனவன் முதலில் கம்பெனியில் சொல்வதுதான் முறை என்று தோன்றிற்று. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

வியாழக்கிழமை காலையில் வைத்தீஸ்வரன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பொடி டப்பியைத் திறந்து மூடினார்.

"நீர் டாக்டரா, ஓய்?"

"இல்லை சார். ஆனா நிச்சயமாத் தெரியும்."

"சரி, தெரியும்னே வெச்சுக்கும். போய்ச் சொன்னா அவன் என்ன பண்ணுவான்? குழாயை வேற பக்கம் திருப்பி வெப்பான். அதுக்கப்புறம் அந்த மெஷின்ல என்ன குறை? பக்கத்துத் தெருக்காராளும் ஆளுக்கொரு பீப்பாய் வாங்குவா. கம்பெனி சம்பளம் வாங்கிண்டு அவன் மெஷினை நீர் ரிப்பேர் பண்ணிக் குடுக்கப் போறீரா?"

"ரெண்டு பொம்மனாட்டிகள் சார்…"

"பத்து வாரமா இருக்கா. இன்னும் ரெண்டு நாள்ல என்ன ஆயிடும்? சனிக்கிழமை கூட்டம் முடியட்டும். ஞாயித்துக்கிழமை நானே ஆள் அனுப்பிச் சொல்றேன். நாம ஒண்ணும் பண்ணலை, ஓய். சும்மா இருக்கோம், அவ்வளவுதான்."

சும்மா இருப்பது சுலபமாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணியடித்தபோது சுந்தரராமன் ஆபீஸில் மீட்டர்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். இந்நேரம் கதவைச் சாத்தியிருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த மீட்டரை எடுத்தான்.

வெள்ளிக்கிழமை மழை. நாலு மணியிலிருந்து விடாமல் பெய்தது. வீட்டுக்கு வந்த சுந்தரராமன் காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ரமா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளா தலையைப் பிடிச்சிண்டு உக்காந்திருக்கேள். என்னன்னு சொல்லுங்கோளேன்."

சொன்னான். சொல்லச் சொல்ல முறம் நின்றது.

"அவாகிட்டே சொல்லலையா?"

"ஞாயித்துக்கிழமை மானேஜர்…"

"நீங்க ஒரு மணி நேரம் அங்கே உக்காந்துட்டு வந்து இன்னும் சரியாகலை. அவா தினம் உக்காந்திருக்கா. இன்னிக்கு இந்த மழையிலே ஒரு ஜன்னலாவது திறந்திருக்குமா?"

ரமா எழுந்து போய்க் குடையை எடுத்துவந்து அவன் முன்னால் நீட்டினாள்.

மழையில் குடை பிடித்துக்கொண்டு சைக்கிள் மிதிக்க முடியாது. குடையை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு நனைந்தபடியே போனான். ரோக்கு தெரு போய்ச் சேர ஏழரையாகிவிட்டது. என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு சீரான ஓட்டம் என்று அவனுக்கே ஒரு நிமிஷம் தோன்றிற்று.

கதவைத் தட்டினான். உள்ளே பேச்சும் சிரிப்பும் கேட்டன, விருந்து நடக்கிற வீடு மாதிரி. யாரும் வந்து திறக்கவில்லை. தோளால் மூன்று தடவை மோதியதும் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

மேஜையில் ஐந்து தட்டுகள் வைத்திருந்தார்கள். ஐந்திலும் சோறு. பவுலின் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். முகம் ரோஜா நிறத்தில், இருபது வயசு குறைந்து, பார்க்க அழகாக இருந்தது. காலி நாற்காலியின் பக்கம் சாய்ந்து மரியாதையாக எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிரிஜெட் கன்னத்தை மேஜைமேல் வைத்துச் சிரித்த வாயோடு கிடந்தாள்.

"வாங்க சார்," என்றாள் பவுலின். "உங்களுக்கும் சேத்துத்தான் தட்டு போட்டிருக்கோம். இவங்கதான் போடச் சொன்னாங்க."

அவனுக்குப் பின்னால் ஈரக்கால் நடந்தது. மூன்று அடி, ஒரு நிறுத்தம். அது கேஸ் என்று அவனுக்குத் தெரியும். ஏன் கேட்கிறது, எப்படிக் கேட்கிறது என்பதெல்லாம் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய்க் காகிதத்தில் விரல்களை விட்டுக் கிழித்தான். பசை போட்ட சட்டம் திறக்கவில்லை. குடைக்காம்பால் கண்ணாடியை உடைத்தான். இரண்டாவது ஜன்னலையும் உடைத்துவிட்டு, "டென்சில்! மெஷினை நிறுத்து!" என்று கத்தினான்.

பவுலின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விருந்தாளிங்களை வெச்சுக்கிட்டு என்ன சார் பண்றீங்க?"

பல்பு மஞ்சளிலிருந்து சிவப்பாகி அணைந்தது. இருட்டில் மழைச் சத்தம் மட்டும்தான். அவன் பிரிஜெட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பவுலினின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். தெருவே லாந்தரோடு கூடிவிட்டது. அலர்மேலு மாமி தன் போர்வையை எடுத்து ஈரத்தரையில் விரித்தாள். டென்சில் பிரிஜெட்டின் பக்கத்தில் முழங்காலிட்டு அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சிம்னியை இரண்டு வார்த்தையில் சுந்தரராமன் சொன்னதும் அவன் கை நின்றுவிட்டது.

"மாதாவே," என்றான். "நானா? நானா சார்?"

பவுலின் நனைந்துகொண்டே எல்லோர் முகத்தையும் லாந்தர் வெளிச்சத்தில் பார்த்து விரல்விட்டு எண்ணினாள். "ரெண்டு பேர் இன்னும் உள்ளேயே இருக்காங்க," என்று சொல்லிவிட்டு வாசற்படியை நோக்கி நடந்தாள். அவளைப் பிடித்து நிறுத்த மூன்று பேர் வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்த வீட்டுக்குள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கத் தெருவில் ஒருவரும் முன்வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரிஜெட் மூன்றாம் நாள் கண் திறந்தாள். அக்காளை அடையாளம் தெரிந்தது, பேரைச் சொன்னாள், கஞ்சி கேட்டாள். இரண்டு வாரத்தில் பள்ளிக்கூடத்துக்கே போக ஆரம்பித்துவிட்டாள். தெரு முழுக்க மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியது.

டென்சில் ஷெட்டைப் பிரித்து ரயில் வேலி ஓரம் வெட்டவெளியில் கொண்டுபோய்ப் போட்டான். மேலே கூரைகூட வைக்கவில்லை. கம்பெனிக்குத் திரும்பியிருந்த நாலு வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் மறுபடி மீட்டரைக் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தடவை அதைக் கழற்ற வந்தவன் வேறு ஆள். சனிக்கிழமை காலையிலேயே வைத்தீஸ்வரன் சுந்தரராமனுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டிருந்தார். அவன் டென்சில் வேலை பார்த்த பஸ் ஷெட்டிலேயே சேர்ந்துகொண்டான். சாயங்காலங்களில் வந்து ரோக்கு தெரு மெஷினைப் பார்த்துவிட்டுப் போவான்.

கிறிஸ்மஸ் முடிந்து பள்ளி திறந்த நாள், பிரிஜெட் கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்றாள். எதை எழுத வந்தோம் என்று தெரியவில்லை. மணியடிக்கும்வரை அப்படியே நின்றாள். அதன்பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று. பிள்ளைகளின் பெயர்கள், வீட்டுக்கு வரும் வழி, ஜாக்கெட்டுக்குப் பொத்தான் போடுவது. இந்தக் கேஸ் பட்டவர்களில் சிலருக்குத் தேறியபின் இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னார். எந்த நாள் உள்ளே போன கேஸ் இதைச் செய்தது என்று பவுலின் கேட்டதற்கு, அதை யாராலும் சொல்ல முடியாது என்றார்.

மாசி மாசத்தில் ஒரு சாயங்காலம் சுந்தரராமன் வந்தபோது, பவுலின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தைக்காத துணி.

"சார், ஒண்ணு கேக்கணும். நீங்க மொதல்ல வந்தீங்களே, புதன்கிழமை. எதுனால இப்படின்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

டாக்டர் சொன்னதைச் சொல்லலாம். வெள்ளிக்கிழமைதான் சந்தேகம் தட்டிற்று என்று சொல்லலாம். நம்புவாள்.

"புதன்கிழமையே தெரிஞ்சுது," என்றான். "இங்கேருந்து போறப்போவே."

பவுலின் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். அவள் மடியிலிருந்த துணியை நாலாக மடித்தாள்.

"நான் அவங்களைப் பாத்ததே வியாழக்கிழமைதான் சார். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரிஞ்சதில்ல. திரையைத் தள்ளிட்டு வந்து என் பக்கத்துல உட்காந்தாங்க. மறுநாள் பத்தாம் நம்பர்ல ஜெபமாலை, ராச்சாப்பாடு, எங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. நான் போகணும்னுதான் புடவையைக் கட்டினேன். அவங்கதான் வேணாம்னாங்க."

"ஏன்?" என்றான்.

"'அந்த சாருக்கு எல்லாம் தெரியும். இன்னிக்கு வருவார். வீட்டைப் பூட்டிக்கிட்டு அவருக்காகக் காத்திருங்க'ன்னாங்க. அதான் காத்திருந்தோம்."

வேலி ஓரத்தில் என்ஜின் கிளம்பியது. பவுலின் எழுந்து பிரிஜெட்டுக்குச் சோறு பிசைய உள்ளே போனாள். கதவை அவள் சாத்தவில்லை. சுந்தரராமனால் படியேறவும் முடியவில்லை, அங்கிருந்து போகவும் முடியவில்லை.